இருபது வளைவுகளின் சூடு

பூங்காவனத்தை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது அயோத்தியாப்பட்டணம் போகும் டவுன் பஸ்ஸின் பின்படியில். ஒரு கையில் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோகும் முறுக்கு டப்பா, மறு கையில் கம்பி. விசில் ஊதிய பிறகும் உள்ளே போகாமல் திரும்பி நின்று, "ஏங்க, மாவு பொங்கும், தட்டு வெச்சு மூடுங்க, பெட்டியில இருக்கிற துணியை மட்டும் நான் வர்ற வரைக்கும் அவுக்காதீங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். தம்பி வீட்டில் பகல் சாப்பாடு முடித்துச் சற்றுத் தலை சாய்த்தவள் அப்படியே போய்விட்டாள். மாவைத் தட்டு வைத்து மூடியிருந்தேன். துணியைப் பற்றி எழுத வேண்டுமானால் வண்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

என்னுடையது இரண்டு பக்கமும் சைலன்சர் வைத்த பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. இஞ்சினிலிருந்து வளைந்து இறங்கும் குழாய் இரண்டும் பத்து நிமிஷ ஓட்டத்தில் தோசைக்கல்லாகிவிடும். கல்யாணமான மூன்றாம் நாள் மறுவீட்டு விருந்துக்குப் போய், மாமியார் வீட்டு வாசலில், பட்டுப்புடவையை ஒரு கையாலும் பழத்தட்டை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கிய பூங்காவனத்தின் கெண்டைக்கால் இடது பக்கக் குழாயில் பட்டது. ஒருத்தி இட்லி மாவையும் ஒருத்தி பேனா மையையும் ஒருத்தி பற்பசையையும் கொண்டுவந்து அந்தக் காலில் பூசினார்கள். அவள் அழவில்லை. மூன்று நிறக் காலை நீட்டி உட்கார்ந்தபடி, கூடியிருந்த எல்லோருக்கும் முன்னால், "அந்தக் கொள்ளிக்கட்டை மேல இனி என் கால் படாது. இவரு வண்டியில வரட்டும், நான் பஸ்ஸுல வரேன்" என்றாள்.

அப்படியே ஒன்பது வருஷம் நடந்தது. ஒரே கல்யாணத்துக்கு அவள் பஸ்ஸிலும் நான் வண்டியிலும் போனோம். மண்டப வாசலில் நான் காத்திருப்பேன், அவள் வந்து சேர்ந்ததும் யாரோ தூரத்து உறவுபோல "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே நடப்பாள். கெண்டைக்காலில் வேப்பிலை அளவுக்கு ஒரு தழும்பு நின்றுவிட்டது.

ஆனால் அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பாவடியில், அதாவது தறிக்காரர்கள் பாவு நூலை நீளமாக விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைக்கும் அந்தத் தெருவில், மாடியில் ஏறி நின்றால் ஏற்காட்டு மலை தெரியும். பொழுது சாயும் நேரத்தில் மலைமேல் ஏறும் வண்டிகளின் வெளிச்சம் இப்படிப் போய், நின்று, திரும்பி அப்படிப் போகும். பூங்காவனம் விரல் மடக்கி எண்ணுவாள். இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் போய்ப் பார்க்கலாமே என்றால், "முன்சீட்டுக்காரி வாந்தி எடுக்க, பின்சீட்டுக்காரன் தூங்கி விழ, நடுவுல உக்காந்து என்னத்த எண்ணுறது? வளைவு வர்றது தெரிஞ்சு சாயணுங்க. சாயாம மலை ஏறுனா அது மலையா?" என்பாள்.

இதைப் போய் மெக்கானிக் தஸ்தகீர் பாயிடம் சொன்னேன். பாய் சிரித்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் ஒரு சுருளை எடுத்துவந்தார். கண்ணாடி நூலில் நெய்த பட்டி, மூன்று விரல் அகலம், முப்பதரை முழம். மூடிப்போன ஒரு சாயப்பட்டறையின் பாய்லர் குழாயில் சூடு வெளியே வராமல் சுற்ற வாங்கி வைத்திருந்ததாம்.

"சடையப்பா, நல்லாக் கேட்டுக்க. ஊற வெச்சுச் சுத்தணும். அப்பத்தான் காஞ்சதும் இறுகிப் புடிக்கும். கீழ இருந்து மேல சுத்து, ஒரு சுத்து மேல இன்னொரு சுத்து கால்வாசி ஏறணும். முனைக்குக் கம்பி போட்டு முறுக்கு. முதல் நாள் பொகையும், பயப்படாத. சட்டையில ஒட்டுச்சுன்னா அரிக்கும், சொறியாத."

எல்லாம் கேட்டுக்கொண்டேன். ஊற வை என்றாரே தவிர எதில் என்று அவர் சொல்லவில்லை. அவர் மெக்கானிக், அவருக்கு ஊறுவது என்றால் தண்ணீர். நான் பாவுக்குக் கஞ்சி போடுகிறவன். புது நூலைக் கையில் வாங்கினால் கஞ்சியில் தோய்க்காமல் வெறும் தண்ணீரில் தோய்ப்பவன் எங்கள் பாவடியில் பிறக்கவில்லை. அன்று அடுப்பில் பூங்காவனம் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. வண்டியைத் திட்டிக்கொண்டே அவள் கிண்டிய கஞ்சி அது. பட்டியை அதில் ஒரு பகல் முழுக்க ஊறப்போட்டுப் பிழிந்து, பாதி வலது குழாயிலும் பாதி இடது குழாயிலும் சுற்றிக் கம்பி முறுக்கினேன்.

முதல் நாள் புகையவில்லை. சங்ககிரி வரை போய் வந்து குழாயைத் தொட்டால் குடத்தடிபோல் குளிர்ந்திருந்தது. பூங்காவனம் அதை நம்பவில்லை. முதலில் தண்ணீர் தெளித்தாள், சீறவில்லை. அப்பளத்தை வைத்தாள், பொரியவில்லை. கடைசியில் வெண்ணெய் உருண்டை ஒன்றைக் குழாய்மேல் வைத்து, தெருவை நாலு சுற்றுச் சுற்றி வரச் சொன்னாள். உருகாமல் வந்து சேர்ந்த வெண்ணெயை வழித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"ஒரு மண்டலம் ஓட்டிக் காட்டுங்க. நாப்பத்தெட்டு நாள் சுடாம இருந்துச்சுன்னா, நாப்பத்தெட்டாம் நாள் நான் ஏறுறேன். மலைக்கு."

நான் ஓட்டினேன். செவ்வாய்ப்பேட்டைக்கு நூல் வாங்கப் போனேன், ஆத்தூருக்குக் காரணம் இல்லாமல் போனேன், வழி பழகிக்கொள்ள ஏற்காட்டுக்கே பதினெட்டு முறை ஏறி இறங்கினேன். அவள் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். எங்கள் மண்டலக் கணக்கு பாவடி முழுக்கத் தெரியும். கஞ்சி போடுகிறவர்கள் என்னைப் பார்த்தால் "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்பார்கள்.

முப்பத்தெட்டாம் நாள் மழை பிடித்தது. அது தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும் சமயம். அந்த வாரத்தில் பாவு காய்ந்து தறியேறாவிட்டால் பண்டிகைச் சேலை நெய்ய நாள் இருக்காது, அந்த வருஷம் முப்பது வீட்டில் தீபாவளி இல்லை. விரிக்க இடம் இல்லாமல் நனைந்த பாவுகள் வீடுகளுக்குள் தொங்கின, கஞ்சி புளித்து நாறியது, பாவு சங்கத் தலைவர் அர்த்தநாரி குடை இல்லாமல் வாசல் வாசலாக நின்று வானத்தைத் திட்டினார். அவர் எங்கள் வாசலில் நின்றபோதுதான் நான் குழாயின் மேல்முனையில் துருப்பிடித்திருந்த கம்பியை மாற்றுவதற்காக, வலது பக்கப் பட்டியில் ஒரு சாண் அவிழ்த்தேன்.

சூடு வெளியே வந்தது. பாய்லரைத் திறந்ததுபோல் வந்து, கொடியில் மூன்று நாளாக ஈரமாகக் கிடந்த என் வேட்டியைக் காயவைத்துவிட்டு, அர்த்தநாரியின் தலைமயிரையும் காயவைத்தது. சூட்டோடு அந்தச் சூடு பிறந்த ஓட்டமும் வந்தது. நின்ற இடத்திலேயே எங்கள் முகத்தில் காற்று அடித்தது. செவ்வாய்ப்பேட்டை ரயில்வே கேட்டின் தண்டவாளம் வந்ததும் அர்த்தநாரியும் நானும் அடுப்படியில் நின்ற பூங்காவனமும் ஒரே சமயத்தில் தூக்கிப் போடப்பட்டு இறங்கினோம்.

"கேட்டுக்கு முன்னால கொஞ்சம் மெதுவாப் போயிருக்கலாமுங்க" என்றாள் பூங்காவனம், முதுகைப் பிடித்துக்கொண்டு.

அர்த்தநாரி அவிழ்ந்த பட்டியைப் பார்த்தார், காய்ந்த வேட்டியைப் பார்த்தார். "சடையா, ஒரு முழத்துக்கு ஒரு பாவு காயுமா?" என்று மட்டும் கேட்டார். அவர் தறிக்காரர். வேறென்ன கேட்பார்?

காய்ந்தது. மழையால் ஆள் வராமல் மூடிக் கிடந்த சினிமாக் கொட்டகையைச் சங்கம் எடுத்துக்கொண்டது. பெஞ்சுகளை ஓரம் தள்ளி, திரையிலிருந்து ஆபரேட்டர் அறை வரைக்கும் பாவை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் கஞ்சியை நூலில் நீவி ஏற்றும் பிரஷோடு நிற்க, வண்டியை நடுவில் நிறுத்தி நான் ஒரு முழம் அவிழ்ப்பேன். பட்டியில் பெரும்பகுதி ஏற்காட்டுச் சூடாக இருந்தது. அதனால் முதல் வளைவில் பாவடி மொத்தமும் இடது பக்கம் சாய்ந்தது, இரண்டாவதில் வலது பக்கம் சாய்ந்தது, மூன்றாவதில் எதிர்பாராமல் லாரி வந்துவிட்டதால் எல்லோரும் ஒரே குரலில் என்னைக் கெட்ட வார்த்தை சொன்னார்கள், ஐந்தாவதில் இரண்டு பேர் கஞ்சிச் சட்டிக்குள் உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்படியே விட்டால் நூல் அறுந்துவிடும் என்று சங்கம் கூடிப் பேசி, ஏற்காட்டு வழித்தடத்தில் வேலை பார்த்து லீவில் இருந்த கண்டக்டர் பெரியண்ணனை அழைத்துவந்தது. அவருக்கு அந்த மலை மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு திரைக்கு முன்னால் நின்று, "ஏழாவது வளைவு, இடது பக்கம், புடிச்சுக்க, அந்த பச்சை ரவிக்கை அக்கா, படியில நிக்காத, உள்ள வா!" என்று விசில் ஊதுவார். படி எதுவும் இல்லை, ஆனாலும் பச்சை ரவிக்கை உள்ளே தள்ளி நிற்பாள். விசிலுக்கு எல்லோரும் சேர்ந்து சாயப் பழகிய பிறகு ஒரு நூல்கூட அறுபடவில்லை. பிரஷ்கள் ஒரே வீச்சில் ஓடின. கஞ்சி இவ்வளவு சீராக எந்த வெயிலிலும் ஏறியதில்லை என்று கிழவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாம் நாளுக்குள் அது எங்களுக்கு நேற்றும் முந்தாநாளும் இருந்த வழக்கம்போல் ஆகிவிட்டது. வாசலில் ஒருத்தி பாதி எலுமிச்சம்பழத்தை ஆளுக்கு ஆள் கொடுத்தாள். மாதம் ஏறிய பெண்கள் பத்தாவது வளைவுக்கு மேல் நிற்கக் கூடாது என்று பலகை எழுதி மாட்டினார்கள். பதினாலாவது வளைவில் தவறாமல் வாந்தி எடுத்த அர்த்தநாரிக்குத் தனியாக ஒரு வாளி வைத்தார்கள், அவர் அதில் தன் பெயரை எழுதிக்கொண்டார். மாமியாரும் மருமகளும் பேசாத ஒரு வீட்டில், பதினோராவது வளைவில் மாமியார் மருமகள் மேல் சாய, பன்னிரண்டாவதில் மருமகள் மாமியார் மேல் சாய, பதின்மூன்றில் இருவரும் சேர்ந்து என் ஓட்டும் லட்சணத்தைத் திட்டத் தொடங்கி, அன்றிலிருந்து பேச்சுவார்த்தை ஆயிற்று. வேலை இல்லாதவர்களும் வந்து நின்றார்கள். நாற்பது வயது தாண்டியும் ஒருமுறைகூட மலை ஏறாதவர்கள் மலை இறங்கிய முகத்தோடு, மயிர் பறந்து, கன்னம் சிவந்து, ஈரத் தெருவில் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

அவிழ்த்த பட்டி மறுபடி சூடு பிடிக்கவில்லை. சாம்பல்போல் வெளுத்து, கையில் உதிர்ந்தது. அர்த்தநாரி வேறொரு கயிற்றைச் சங்கத்துக் கஞ்சியில் ஊறவைத்துத் தன் வண்டியில் சுற்றிப் பார்த்தார். அது புகைந்து, வாசனை பிடித்து, ஏழெட்டு நாய்கள் செவ்வாய்ப்பேட்டை வரைக்கும் அவரைத் துரத்தியதோடு சரி. பாயிடமும் வேறு சுருள் இல்லை.

நான் மட்டும் ஒவ்வொரு முழத்துக்கும் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். தினமும் வண்டியை ஒரு ஓட்டம் எடுத்து மண்டலத்தை விடாமல் வந்தேன். பூங்காவனமும் சுவரில் கோடு தவறாமல் போட்டாள். வலது குழாயிலிருந்து எடுங்கள், என் பக்கத்தைக் கடைசியில் பார்க்கலாம் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். வலது பக்கம் தீர்ந்தது. இடது பக்கத்திலும் ஒவ்வொன்றாகத் தீர்ந்து, நாற்பத்தேழாம் நாள் மாலை, இருபத்தொன்பது பாவு காய்ந்து தறியேறிய பிறகு, ஒரே ஒரு முழம் மிஞ்சியது. சரியாக அவள் கால் படும் குழாய் வளைவில் இருந்த முழம். அது இருந்தால் போதும். மறுநாள் காலையில் அவளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விடலாம்.

ஒரு பாவும் மிஞ்சியிருந்தது. காவேரியக்காவுடையது. ஒற்றைத் தறி வைத்துத் தனியாகப் பிழைத்தவள், வரிசையில் யாரையும் முந்தாமல் ஆறு நாளும் மற்றவர்களுக்குப் பிரஷ் பிடித்தவள். தன் முறை வந்தபோது அவள் பாவை விரிக்காமல் சுருட்டியபடியே மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு வேண்டாம் சடையா. நாளைக்கு வெயில் வந்தாலும் வரும்."

"வராதுக்கா" என்றார் பெரியண்ணன், கண்ணைத் திறக்காமலே.

"வராட்டிப் போவுது. அந்தப் புள்ள ஒம்பது வருஷமா மாடியில நின்னு எண்ணுறா. நான் ஒரு தீபாவளி பழைய சீலை கட்டுனா தேஞ்சா போயிருவேன்?"

அர்த்தநாரி தன் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் குழாயின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அதை இங்கே மறைக்கவில்லை. கொட்டகையின் தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

பூங்காவனம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் குந்தினாள். ஒன்பது வருஷத்தில் அவள் அந்தக் குழாய்க்கு அவ்வளவு அருகில் உட்கார்ந்ததே இல்லை.

"ஏங்க, கைய எடுங்க."

"பூங்காவனம், நாளைக்கு நாப்பத்தெட்டு."

"எனக்கு எண்ணத் தெரியும். அக்கா, பாவை விரி. கால் என்னுது, தழும்பும் என்னுது. உனக்கென்ன அதுல வழக்கு?"

கம்பியை அவளே முறுக்கி எடுத்தாள். கடைசி முழத்தில் இருபது வளைவும் மொத்தமாக இருந்தன. முப்பது வீட்டுக்காரர்களும் பிரஷ் பிடிக்க, பெரியண்ணன் மூச்சு விடாமல் விசில் ஊத, ஏறிய வேகத்தில் அர்த்தநாரி பதினாலாவதில் வாந்தி எடுக்கவே மறந்துபோனார். இருபதாவது வளைவில் பாவு காய்ந்து கம்பிபோல் நின்றபோது கொட்டகையில் கைதட்டல் எழுந்தது. பூங்காவனம் கைதட்டவில்லை. உதிர்ந்த வெள்ளைத் தூளை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு நாள் இருக்குதுங்க. அது எப்பன்னு நான் சொல்றேன்" என்றாள்.

தீபாவளி வந்தது, போனது. அந்த வருஷத்துச் சேலைகளைக் கட்டியவர்கள் தெருமுனையில் திரும்பும்போது கொஞ்சம் சாய்ந்து திரும்பினார்கள் என்றும், சேலத்தில் ஒரு கல்யாணப்பெண் மணமேடையைச் சுற்றும்போது மாப்பிள்ளையைத் தோளால் இடித்து வெளியே தள்ளிவிட்டாள் என்றும் பின்னால் கேள்விப்பட்டோம். யாரும் சேலையைத் திருப்பித் தரவில்லை.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் காலை, வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தபோது, பூங்காவனம் வாசலுக்கு வந்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் செருகி, கெண்டைக்காலில் கீழிருந்து மேலாக, ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று கால்வாசி ஏற, வெள்ளைப் பட்டி ஒன்றைச் சுற்றிக் கம்பி முறுக்கியிருந்தாள். காவேரியக்கா தன் பாவின் கடைசி முனையில் மூன்று விரல் அகலத்துக்கு நெய்துகொடுத்த பத்து முழத் துணி. அதைக் கேழ்வரகுக் கஞ்சியில் ஊறப்போட்டது பூங்காவனம்தான்.

"குழாய்க்குச் சுத்துனா என்ன, காலுக்குச் சுத்துனா என்ன? பாய்கிட்ட கேட்டேன். ரெண்டு நிமிசம் யோசிச்சுட்டு, ‘அரிச்சா சொறியாதம்மா'ன்னாரு. எடுங்க வண்டியை."

பாவடி முழுக்க வாசலில் நின்றது. நான் உதைத்தேன், அவள் ஏறினாள். ஊர் தாண்டியதும் குழாய் கணகணவென்று கொதித்தது, அவள் காலை அதன்மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டாள்.

முதல் வளைவில் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். இரண்டாவதில் விட்டாள். மூன்றாவதிலிருந்து எனக்கு முன்பே சாய்ந்தாள். அவள் சாய்ந்த பக்கம் வண்டி திரும்பியது, நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆறாவதில் எதிரே வந்த பஸ்ஸின் ஜன்னல்களைப் பார்த்து, "பாவம், உள்ள உக்காந்திருக்காங்க!" என்று கத்தினாள். ஒன்பதாவதில் குரங்குகளுக்குத் தன் பெயரைச் சொன்னாள். பதினாலாவதில், "தலைவரே, இந்தாங்க உங்க வளைவு!" என்று கீழே பள்ளத்தாக்கைப் பார்த்துக் கூவினாள். பதினேழிலிருந்து அவள் என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. இருபதாவதில் இருவரும் சிரித்த சிரிப்பில் வண்டி நின்றுபோனது.

மேலே ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். காலில் இருந்த பட்டியை அவிழ்க்காமல், அப்படியே வளையம்போல் உருவி எடுத்துக் கம்பியால் கட்டிப் பையில் வைத்தாள். கால் சுடவில்லை. இறங்கும்போது இஞ்சினை நிறுத்திவிட்டேன். சத்தம் இல்லாமல், குழாய் குளிர்ந்து, இருபது வளைவும் காற்றில் இறங்கினோம்.

அந்தத் துணி தகரப் பெட்டிக்குள் போயிற்று. வளைவுக்கு அரை முழம். எப்போது, யாருக்கு என்பதை அவள்தான் முடிவு செய்வாள். எனக்குக் குளிர்காய்ச்சல் வந்து பற்கள் அடித்துக்கொண்டபோது முதல் வளைவை அவிழ்த்தாள், நான் கட்டிலில் படுத்தபடியே அவள் என் தோளை இறுக்கியதை உணர்ந்தேன். காவேரியக்காவுக்குக் கண் தெரியாமல் போன வருஷம், அவளுக்குக் குரங்குகளைக் கொடுத்தாள். வண்டி விற்ற அன்று ஒன்று. அர்த்தநாரி படுக்கையில் விழுந்து, வாய் பேச முடியாமல் கையால் ஒன்று, நான்கு என்று காட்டியபோது, வாளியோடு போய் அவருடைய வளைவை அவருக்கே அவிழ்த்துவிட்டு வந்தாள். அவர் சிரித்துக்கொண்டே வாந்தி எடுத்தார். முப்பது வருஷத்தில் இப்படிப் பதினாறு போயின. பதினாறாவது, அவள் அயோத்தியாப்பட்டணம் பஸ் ஏறியதற்கு முந்தைய வாரம், காரணம் ஒன்றும் இல்லாமல், சும்மா.

நான் வர்ற வரைக்கும் அவுக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். இது ஆறாவது மழைக்காலம். நேற்று பெட்டியைத் திறந்து அளந்து பார்த்தேன். துணி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. இரண்டு முழம், பதினேழிலிருந்து இருபது வரை.